ஒரே மரம், ஓர் ஆண்டு: வீட்டில் படிக்கும் பிள்ளைகளோடு பருவங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

வீட்டுக்கல்விக்கு மாறிய புதிதில் நான் ஒரு பட்டியல் போட்டேன். ஏரி ஒன்று, மலை ஒன்று, பறவை பார்க்க ஓரிடம், தாவரவியல் பூங்கா என்று வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு இடங்கள். நான்காவது இடத்துக்குப் போய் வந்த இரவு பெரியவள் கேட்டாள்: "அம்மா, முதல்ல போனோமே, அங்க ஒரு கூடு இருந்துச்சுல்ல, அதுல குஞ்சு பொரிச்சிருக்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த இடத்துக்கு மறுபடி போக என் பட்டியலில் ஒரு நாள்கூட இல்லை. மறுநாள் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

பருவம் என்பது மாற்றம். ஏற்கெனவே பார்த்ததைத் திரும்பப் பார்த்தால்தான் மாற்றம் கண்ணில் படும். புதிது புதிதாக இடம் மாற்றிக்கொண்டே போனால் பிள்ளைக்கு ஊர் சுற்றிய அனுபவம் கிடைக்கும், பருவம் பிடிபடாது. இங்கே வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மழை விட்டால், பத்தே காலுக்கு வெளியே நிற்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளும் வழியைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

முதல் படி: பக்கத்தில் ஓரிடம்

வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கட்டும். அழகான இடம் வேண்டியதில்லை. கை எட்டும் உயரத்தில் கிளை தாழ்ந்த ஒரு மரம், யாரும் வெட்டிச் சீராக்காத கொஞ்சம் புல்தரை, உட்கார ஒரு திட்டு இருந்தால் போதும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு மரமும் பால்கனியில் நான்கு தொட்டிகளும்கூட ஆகும். காரில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய காடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூன்றாவது வாரத்தில் "இன்னைக்கு வேண்டாமே" என்று வீட்டிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது நாமாகத்தான் இருப்போம்.

அந்த இடத்தில் ஒரு மரத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அதுதான் இந்த ஆண்டின் மரம். அதன் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நூலைச் சுற்றி, நூலை அளவுகோலில் வைத்துச் சுற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வனத்துறையினர் மரத்தை அளப்பதும் ஏறத்தாழ இந்த உயரத்தில்தான். பிறகு ஓரிடத்தில் நின்று மரம் முழுவதும் தெரிய ஒரு படம் எடுங்கள். நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அங்கேயே நின்று எடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: கிழமையைக் கட்டிப்போடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது போகலாம்" என்றால் போகவே மாட்டோம். வாரத்தில் ஒரு கிழமை, ஒரு வேளை என்று முடிவு செய்யுங்கள். ஆறு வயதுக்குக் கீழே இருபது நிமிடம் தாராளம். பெரிய பிள்ளைகள் ஒரு மணி நேரம்கூட இருப்பார்கள், ஆனால் அவர்கள் இன்னும் இருக்கலாம் என்று கேட்கும்போதே கிளம்பிவிடுவது நல்லது. அடுத்த வாரத்துக்கு அந்த ஆசை வேண்டும்.

வெயிலோ தூறலோ தவிர்க்கக் காரணம் ஆகாது. இடி மட்டும் விதிவிலக்கு. இடிச்சத்தம் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள்.

மூன்றாம் படி: பை

கோடு போடாத குறிப்பேடு, பென்சில், நான்கு மீட்டர் நூல், சின்ன அளவுகோல், தண்ணீர், உட்கார ஒரு துண்டு. பணம் செலவழிக்க விரும்பினால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, பார்க்கும் பொருளை அதன் அருகே கொண்டுவர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளைகள் துப்பறிவாளர் மாதிரி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே தெரியவில்லை என்பார்கள். பைனாகுலர், வண்ணப்பெட்டி, பூச்சிவலை எல்லாம் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

நான்காம் படி: போனதும் என்ன செய்வது

முதலில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சிறு பிள்ளைக்கு இரண்டு நிமிடம். தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து "இது நீ" என்று சொல்லுங்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் ஒரு குறி போட வேண்டும். காகம், இலைச் சலசலப்பு, தொலைவில் லாரி எல்லாம் குறிதான். வேலை இருந்தால் பிள்ளை உட்காரும். சும்மா இரு என்றால் இருக்காது.

அடுத்து, ஏதாவது ஒன்றை வரைய வேண்டும். ஓர் இலை, ஒரு காய், ஒரு எறும்பு வரிசை. படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள், திருத்தவும் திருத்தாதீர்கள். இங்கிலாந்தின் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923) இயற்கைக் குறிப்பேட்டைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார். இன்றைக்கும் பல வீட்டுக்கல்விக் குடும்பங்களில் அந்தப் பழக்கம் தொடர்கிறது. கை வரைய வேண்டுமானால் கண் நின்று பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். இலை விளிம்பில் பல் இருக்கிறதா, நரம்புகள் எதிரெதிரே பிரிகின்றனவா, மாறி மாறிப் பிரிகின்றனவா என்பதெல்லாம் வரையும்போதுதான் தெரியவரும்.

கடைசியாக மூன்று கேள்விகள். இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் இதே மூன்றுதான்:

இன்று என்ன இருக்கிறது?
போன முறை இல்லாத எது இப்போது இருக்கிறது?
போன முறை இருந்த எது இப்போது இல்லை?

எழுதத் தெரியாத பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். மேலே தேதி, மணி, வானிலை கட்டாயம் இருக்க வேண்டும். தேதியில்லாத குறிப்பு ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது.

ஒன்று சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல அவசரப்படாதீர்கள். "அது தட்டான்" என்று சொன்ன நொடியில் பிள்ளை திரும்பிவிடுகிறது. பெயர் கிடைத்ததும் விஷயம் முடிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. எத்தனை இறக்கை, உட்காரும்போது விரித்திருக்கிறதா மடித்திருக்கிறதா, அதே குச்சிக்குத் திரும்பி வருகிறதா என்று பார்த்து முடித்த பிறகு பெயரைத் தேடினால் அந்தப் பெயர் மறக்காது. நமக்கே பெயர் தெரியாதது பல சமயம் நல்லதாகவே முடிகிறது.

ஐந்தாம் படி: ஆண்டுச் சக்கரம்

பெரிய அட்டையில் ஒரு வட்டம் போட்டுப் பன்னிரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் அந்த மாதத்தின் முக்கியமான ஒன்றிரண்டு விஷயங்களைப் பிள்ளை அதில் வரையட்டும். முதல் தளிர், முதல் தவளைச் சத்தம், கடைசி இலை. 'முதல்', 'கடைசி' இரண்டுக்கும் தேதி போடுங்கள்.

இது விளையாட்டு மட்டும் இல்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் வசந்தத்தின் அடையாளங்களைக் குறிக்கத் தொடங்கினார். எந்த மரம் என்று துளிர்த்தது, தகைவிலான் குருவி என்று வந்தது, தவளை என்று கத்தியது என்று 27 அடையாளங்கள். அவருக்குப் பின் அவர் குடும்பத்தினர் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாள் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. காலநிலை எப்படி மாறிவருகிறது என்று கணக்கிட விஞ்ஞானிகள் இன்று இவற்றையெல்லாம் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்தக் கதையைச் சொன்ன பிறகு என் பிள்ளைகள் தேதி போட மறந்ததே இல்லை.

ஆறாம் படி: பருவத்துக்கு ஏற்ற வேலை

உங்கள் ஊரில் எத்தனை பருவம்? பாடப்புத்தகம் நான்கு என்று சொல்லும். தொல்காப்பிய மரபு கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக ஆறு சொல்லும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பல இடங்களில் நனைந்த காலம், காய்ந்த காலம் என்று இரண்டுதான் கண்ணுக்குத் தெரியும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மாதக் கணக்கே தலைகீழ். அதனால் முதலிலேயே எண்ணிக்கையை முடிவு செய்யாமல், ஆண்டு முடிந்ததும் சக்கரத்தைப் பார்த்துப் பிள்ளையே பருவங்களுக்குப் பெயர் வைக்கட்டும். என் சின்னவன் ஒரு பருவத்துக்கு 'ஒட்டும் காலம்' என்று பெயர் வைத்தான். சட்டை முழுக்க நாயுருவி ஒட்டிய மாதங்கள் அவை.

மழைக்காலம்தான் தொடங்குவதற்கு ஏற்றது என்பது என் கருத்து. எல்லாம் வேகமாக மாறும், பொறுமையில்லாத பிள்ளைக்கும் ஏதாவது கிடைத்துவிடும். பக்கவாட்டில் சரிவில்லாத, அடி தட்டையான ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்தவெளியில் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். மறுநாள் காலை தண்ணீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் அதுதான் மழையளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். மொட்டைமாடியின் நீள அகலத்தை அளந்து, நேற்று இரவு அதன்மேல் எத்தனை லிட்டர் விழுந்தது என்று பத்து வயதுப் பிள்ளை கணக்குப் போட்டுவிடும். விடையைப் பார்த்து முதலில் நம்பாது.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி இடி கேட்கும்போது நிறுத்தச் சொல்லுங்கள், ஜன்னலுக்கு உள்ளிருந்துதான். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முதல் மழையின் மண்வாசனை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 1964-இல் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். வறண்ட நாட்களில் செடிகளிலிருந்து வந்து மண்ணிலும் பாறையிலும் படிந்த எண்ணெய்களும், மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் மழைத்துளி பட்டதும் காற்றில் கலக்கின்றன. அதற்குத் தனிச்சொல் தமிழில் முன்பே இருந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

மழை விட்ட மாலை ஈசல் பறக்கும். ஈசல் எறும்பின் இனம் இல்லை, சிறகு முளைத்த கறையான். விளக்கடியில் சிறகு உதிர்ந்து கிடப்பதை லென்ஸில் பார்க்கட்டும்: நான்கு சிறகும் ஏறக்குறைய ஒரே அளவு. எறும்பின் முன்சிறகு பின்சிறகைவிடப் பெரிது. குட்டையில் தலைப்பிரட்டை இருந்தால் வாரம் ஒரு முறை போய்ப் பாருங்கள். முதலில் பின்னங்கால் வெளியே தெரியும், முன்னங்கால் பிறகுதான். வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம்.

குளிர் தொடங்கும்போது இலைகளைக் கவனியுங்கள். குளிர் நாடுகளில் பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சிவப்பு பெரும்பாலும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. வறண்ட நாடுகளில் இலை உதிர்வது தண்ணீர்ப் பற்றாக்குறையால். இரண்டிலும் காம்பின் அடியில் ஒரு பிரியும் அடுக்கு உருவாகி இலையைக் கழற்றிவிடுகிறது. மரம் இலையை இழக்கவில்லை, தானே விடுகிறது. நூலால் ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டு, வாரா வாரம் அதில் விழுந்த இலைகளை எண்ணி, எண்ணியதும் அப்புறப்படுத்துங்கள். எந்த வாரம் உச்சம் என்று வரைபடம் போடலாம். மொட்டையாக நிற்கும் மரத்தைச் செத்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளைக்கு நுனிக்கிளையில் அடுத்த ஆண்டின் மொக்கைக் காட்டுங்கள்.

பனிக்காலக் காலையில் சிலந்தி வலைகள் துளித் துளியாகத் தெரியும். இத்தனை வலைகள் நேற்றும் இங்கேதான் இருந்தன. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மாலை வானில் ஒரியன் என்ற விண்மீன் கூட்டம் தெரியும். அதன் சிவந்த விண்மீன் திருவாதிரை, சற்றுத் தள்ளிக் கொத்தாக இருப்பது கார்த்திகை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதே மாலை வானில் விருச்சிகம், அதன் நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை. திருவாதிரையும் கேட்டையும் ஒன்றாக உச்சிவானில் நிற்காது. வானத்துக்கும் பருவம் உண்டு என்பது பிள்ளைக்கு இப்படித்தான் புரியும்.

தளிர் விடும் காலத்தில் வேலை அதிகம், அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அல்லது நாரத்தைச் செடி இருந்தால் இளந்தளிரில் குண்டூசித் தலையளவு வெளிர்மஞ்சள் முட்டையைத் தேடுங்கள். அதிலிருந்து வரும் புழு சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தெரியும். பல இனங்களில் வளர்ந்ததும் பச்சையாகிவிடும். ஏன் என்று பிள்ளையே சொல்லும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம், வெப்பத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். கூடு கண்டால் தள்ளி நின்றே பாருங்கள். கிட்டப் போய்ப் படம் எடுப்பது வேண்டாம்.

வேனிலில் விடியலிலும் அந்தியிலும் மட்டும் போங்கள். காற்றில் பறக்கும் விதை, ஒட்டும் விதை, வெடிக்கும் விதை என்று பிரித்துச் சேகரிக்க நல்ல காலம். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்ட்ரால் 1941-இல் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய காய்களை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் வெல்க்ரோவுக்கு யோசனை பெற்றார். காலணியின் வெல்க்ரோவையும் ஒட்டும் விதையையும் லென்ஸில் அடுத்தடுத்துக் காட்டுங்கள். இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி அதன்மேல் விளக்கடித்தால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். சிள்வண்டு கத்தும் வேகமும் வெப்பத்தோடு கூடும். அமாஸ் டால்பியர் 1897-இல் இதற்கு ஒரு வாய்பாடே எழுதினார். எட்டு வினாடியில் எத்தனை முறை என்று எண்ணி ஐந்தைக் கூட்டினால் செல்சியஸ் வரும் என்பது அதன் எளிய வடிவம். ஒரு குறிப்பிட்ட இனத்துக்குத்தான் அது பொருந்தும், உங்கள் தோட்டத்துச் சிள்வண்டுக்குச் சரியாக வராது. அப்படியானால் நம்முடையதற்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் பன்னிரண்டு வயதுக்காரருக்கான வேலை.

ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு சோதனை

ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதி, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அதன் நீளத்தைக் குறியுங்கள். அந்த நேரம் சரியாகப் பன்னிரண்டாக இருக்காது. பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை புள்ளி வைத்துக் கண்டுபிடியுங்கள். ஜூன் 21, டிசம்பர் 21 சுமாருக்கு நிழல் எல்லை தொடும். கடக, மகர ரேகைகளுக்கு இடையே இருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு நாள் உச்சியில் நிழலே இராது, அதன் பிறகு எதிர்ப்பக்கம் விழும்.

நிழல் ஏன் மாறுகிறது என்பதற்கு முன் ஒரு கேள்வி: கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? பெரியவர்களும் ஆம் என்பார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரம், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. வடபாதிக்கு அப்போதுதான் கோடை. பருவத்துக்குக் காரணம் தொலைவு அல்ல, பூமியின் அச்சின் 23.4 பாகை சாய்வு. டார்ச்சை ஒரு தாளின்மேல் நேராகவும் சாய்த்தும் அடித்துக் காட்டினால் வெளிச்சம் எப்படிப் பரந்து மங்குகிறது என்று தெரிந்துவிடும்.

போனும் செயலியும்

வரைந்து முடித்த பிறகுதான் போன் வெளியே வர வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்துப் பெயரை ஊகிக்கும், மற்றவர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். ஆனால் முதல் ஊகம் தவறாகவும் இருக்கும். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். வீட்டுக்குப் பக்கத்தில் எடுத்த படம் என்றால் இருப்பிடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

எடுப்பது, தொடுவது

கீழே விழுந்ததை மட்டும் எடுக்கலாம். கூடு, முட்டை, உயிருள்ள எதுவும் வேண்டாம். மயிர்க்கம்பளிப் புழுவை வெறுங்கையால் தொடக் கூடாது, பால் வடியும் செடியை ஒடித்தால் கண்ணில் கை வைக்கக் கூடாது, தெரியாத காயையும் காளானையும் வாயில் வைக்கவே கூடாது. புல் உயரமாக இருந்தால் மூடிய காலணி. வீடு திரும்பியதும் கை கழுவி, உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று காலையும் கழுத்தையும் பார்த்துவிடுங்கள்.

சலிப்பு வரும் வாரங்கள்

எட்டாவது அல்லது ஒன்பதாவது வாரம் ஒரு முறை வரும். "அதே மரம்தானே" என்பார்கள். அப்போது இடத்தை மாற்றாமல் கேள்வியை மாற்றுங்கள். மண்ணில் ஒரு சாண் கட்டம் போட்டு அதற்குள் மட்டும் பத்து நிமிடம் பார்ப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு மரப்பட்டைகளைத் தடவித் தங்கள் மரத்தைக் கண்டுபிடிப்பது, அதே இடத்துக்கு இருட்டிய பிறகு போவது. இருட்டிய பிறகு போனது எங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேச்சாக இருந்தது.

வயது வித்தியாசம் இருந்தால் ஒரே பொருளை வெவ்வேறு வேலையாகக் கொடுங்கள்: சின்னவர் இலைகளை நிறப்படி அடுக்கட்டும், நடுப்பிள்ளை எண்ணட்டும், பெரியவர் வரைபடம் போடட்டும். பூச்சிக்குப் பயப்படும் பிள்ளையைத் தொடச் சொல்லாதீர்கள். லென்ஸ் வைத்துக்கொண்டு குறிப்பெழுதும் வேலையைக் கொடுங்கள். காய்ச்சல், விருந்தாளி, ஊர்ப்பயணம் என்று நடுவே மூன்று வாரம் விட்டுப்போனால் அந்தப் பக்கங்களை வெற்றாகவே விட்டுத் தேதியை மட்டும் எழுதுங்கள். நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம். மார்ஷம் குடும்பத்துக் குறிப்புகளிலும் இடைவெளிகள் உண்டு.

ஓராண்டு நிறைந்ததும் புதிய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நூலைச் சுற்றி அளந்த மரத்தின் சுற்றளவை எழுதுங்கள். போன ஆண்டின் எண்ணை அதற்குப் பிறகு எடுத்துப் பாருங்கள்.